வரிசை கீழே, காலியிடம் மேலே

2015 நவம்பரில் லண்டன் ஹோபர்ன் சுரங்க ரயில் நிலையத்தில் காலை நேரக் கூட்டத்துக்கு ஒரு புது உத்தரவு காத்திருந்தது. மேலே போகும் எஸ்கலேட்டரில் யாரும் நடந்து ஏறக்கூடாது. படியின் இரண்டு பக்கமும் நின்றுதான் வரவேண்டும். ஊழியர்கள் ஒலிபெருக்கியும் கையுமாக நின்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரச் சோதனை.

வேறு ஊரில் நடந்திருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. லண்டனில் மனிதர்கள் கொதித்துப்போனார்கள். வலப்பக்கம் நிற்பவர்களுக்கு, இடப்பக்கம் நடப்பவர்களுக்கு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். நிலையங்களில் எழுதி ஒட்டியிருப்பார்கள். விவரம் தெரியாமல் இடப்பக்கம் நின்றுவிட்ட வெளியூர்க்காரரின் முதுகுக்குப் பின்னால் முதலில் ஒரு பெருமூச்சு கேட்கும், அடுத்து ஒரு கனைப்பு, அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு "எக்ஸ்க்யூஸ் மீ". வரிசையில் நிற்பதைப் பண்பாடாகவே வளர்த்துக்கொண்ட ஊரில், அவசரக்காரனுக்கு வழிவிடுவது பாலபாடம். அந்தப் பாடத்தையே ரயில்வே நிர்வாகம் திருத்தச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஹாங்காங் போயிருந்தபோது மக்கள் இரண்டு பக்கமும் நின்று போவதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நிலைய அதிகாரியின் யோசனை இது. ஹோபர்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் ஆழம். அங்கே எஸ்கலேட்டர் ஏறும் உயரம் ஏறக்குறைய 24 மீட்டர். எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். காலையில் ரயில் வந்து நின்றதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எஸ்கலேட்டரின் அடிவாரத்துக்கு வந்து சேர்வார்கள். வலப்பக்கத்தில் நிற்க இடம் பிடிக்க நீண்ட வரிசை. இடப்பக்கம் அங்கொருவர் இங்கொருவராக ஏறிக்கொண்டிருப்பார்கள். கீழே இத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்க, தலைக்கு மேலே எஸ்கலேட்டரின் பாதி வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் காலியிடத்தை உருவாக்கியது மரியாதை. அதைக் கேள்வி கேட்டது கணக்கு. கணக்குக்கு வருமுன் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

நகரும் படிக்கட்டு முதலில் வந்தது போக்குவரத்துக்காக அல்ல, வேடிக்கைக்காக. ஜெஸ்ஸி ரீனோ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1892இல் காப்புரிமை வாங்கிய சாய்தள இயந்திரத்தை 1896இல் நியூயார்க்கின் கோனி தீவில் பொழுதுபோக்காகத்தான் ஓட்டிக் காட்டினார். அதில் படிகளே கிடையாது. சாய்வாக ஓடும் ஒரு பட்டைதான். 1898இல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் இதுபோன்ற ஒன்றை வைத்தபோது, ஏறி வந்த வாடிக்கையாளர்களின் படபடப்பு அடங்க மேலே பிராந்தி கொடுத்தார்கள். 'எஸ்கலேட்டர்' என்ற பெயரை வைத்தவர் சார்லஸ் சீபெர்கர். ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் தம் இயந்திரத்தைக் காட்டினார். ரீனோவுடையதற்கு இல்லாத உண்மையான படிகள் அவருடையதற்கு இருந்தன.

லண்டன் சுரங்க ரயிலின் முதல் எஸ்கலேட்டர் 1911 அக்டோபர் 4ஆம் தேதி எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் ஓடத் தொடங்கியது. அன்று மக்களின் பயத்தைப் போக்க 'பம்பர்' ஹாரிஸ் என்ற ஒற்றைக்கால் மனிதரை நாள் முழுக்க அதில் ஏற்றி இறக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒற்றைக்கால்காரரே போகிறார், உனக்கென்ன பயம் என்று காட்டத்தானாம். ஹாரிஸ் அங்கே வேலை பார்த்தது உண்மை. சவாரிக் கதையை வரலாற்றாளர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. எனக்கும் அது பிற்பாடு ஒட்டவைத்த கதையாகத்தான் படுகிறது. ஒற்றைக்காலோடு ஒருவர் இறங்குவதைப் பார்த்தால், இந்த இயந்திரம்தான் மற்றக் காலை எடுத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

அந்தக் காலத்து எஸ்கலேட்டர் இப்போதையது போல நேராக முடியவில்லை. படிகள் உள்ளே போய் மறையும் இடத்தில் குறுக்காக, மூலைவாட்டில் ஒரு தடுப்பு இருக்கும். அதனால் ஒரு காலுக்கு முன்பாகவே தரை வந்துவிடும், இன்னொரு காலுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துத்தான் இறங்கவேண்டும். நிற்பவர்கள் வலப்பக்கம் ஒதுங்கினால் எல்லாருக்கும் இறங்குவது சுலபம் என்று ஆனது. சாலையில் இடப்பக்கம் போகும் நாட்டில் எஸ்கலேட்டரில் மட்டும் வலப்பக்கம் நிற்பதற்கு இதைத்தான் பொதுவாகக் காரணமாகச் சொல்கிறார்கள். 1924இல் கிளாப்பம் காமன் நிலையத்தில் சீப்புப் பல் போன்ற முனையோடு, நேராகவே இறங்கக்கூடிய எஸ்கலேட்டர் வந்தது. மூலைவாட்டுத் தடுப்பு போயிற்று. வலப்பக்கம் நிற்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

யார் எந்தப் பக்கம் என்பதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. எஸ்கலேட்டரில் ஏன் நிற்கிறோம்? சாதாரண மாடிப்படியில் பாதியில் யாரும் சும்மா நிற்பதில்லை. ஸ்டீவன் லேண்ட்ஸ்பர்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை ஒரு புதிராகவே எழுப்பினார். மாடிப்படியில் ஒரு படி ஏறுவதற்கு ஆகும் உழைப்பும் எஸ்கலேட்டரில் ஒரு படி ஏறுவதற்கு ஆகும் உழைப்பும் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு படி அளவு மேலே போகிறீர்கள். செலவும் ஒன்று, வரவும் ஒன்று என்றால், ஒன்றில் ஏறுவதும் மற்றொன்றில் நிற்பதும் எப்படி நியாயமாகும்?

'மாடிப்படியில் நின்றால் மேலே போய்ச் சேரமாட்டோமே' என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது சரிதான், ஆனால் பாதி பதில். மாடிப்படியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறலாமே, அதையும்தான் யாரும் செய்வதில்லை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க, நிற்பதற்கு என்ன விலை என்று கேட்கவேண்டும்.

மாடிப்படியில் ஒரு விநாடி நின்றால் போய்ச் சேர்வது சரியாக ஒரு விநாடி தள்ளிப்போகிறது. எஸ்கலேட்டரில் அப்படி இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் எஸ்கலேட்டர் சாய்வாக விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் நீங்கள் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஏறினால் மொத்த வேகம் ஒன்றேகால் மீட்டர். ஒரு விநாடி நின்றுவிட்டீர்கள். அந்த விநாடியிலும் இயந்திரம் உங்களை முக்கால் மீட்டர் தூக்கிவிட்டது. நீங்கள் இழந்தது அரை மீட்டர் மட்டுமே. அதை ஒன்றேகால் மீட்டர் வேகத்தில் ஈடுகட்ட 0.4 விநாடி போதும். ஆக, மாடிப்படியில் ஒரு விநாடி ஓய்வின் விலை ஒரு விநாடி. எஸ்கலேட்டரில் அதே ஓய்வின் விலை அதில் பாதிகூட இல்லை. மலிவாகக் கிடைப்பதை மனிதன் கூடுதலாக வாங்குகிறான். புதிர் அவ்வளவுதான்.

ஹோபர்ன் உயரத்துக்கு இதை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை சாய்வில் 24 மீட்டர் ஏற 48 மீட்டர் நீளம் வேண்டும். நின்றபடி போனால் 64 விநாடி. நடந்தால் 38 விநாடி. மிச்சம் 26 விநாடி. அதற்கு நீங்கள் கொடுப்பது சுமார் 48 படிகள், அதாவது மூன்று மாடி ஏறும் உழைப்பு. 60 கிலோ எடையுள்ளவர் இந்த மூன்று மாடியை 38 விநாடியில் ஏற, தசைகள் அத்தனை நேரமும் ஏறக்குறைய 150 வாட் வேலை செய்யவேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரைச் சீக்கிரமே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கவைக்க இது போதும். உடல் செலவழித்த மொத்தச் சக்தியைப் பார்த்தாலோ சிரிப்புதான் வரும். ஒரு இட்லி தருவதில் எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம். இளைப்பது நிஜம், இளைக்கிற அளவுக்கு எதுவும் கரைவதில்லை. நடப்பவர் மேல் இயந்திரத்துக்கு மட்டும் நன்றி இருக்கவேண்டும்: அவர் சீக்கிரம் இறங்கிவிடுவதால் அவரைத் தூக்க மோட்டார் செலவழிக்கும் மின்சாரம் குறைகிறது.

நிற்பது, நடப்பது என்ற இரண்டுக்கும் நடுவிலும் ஒன்று உண்டு. விமான நிலையங்களில் தட்டையாக ஓடும் நடைபட்டையில் ஏறுபவர்கள் தங்கள் நடையைத் தாங்களே அறியாமல் தளர்த்திக்கொள்கிறார்கள். மனோஜ் ஸ்ரீனிவாசன் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் கணித மாதிரியாக வடித்தார். ஒரு தூரத்தைக் கடக்க ஆகும் சக்தியைக் குறைக்கப் பார்ப்பது உடலின் இயல்பு. கீழே பட்டை தன் பங்குக்குத் தள்ளும்போது அந்தக் குறைந்த செலவுக்குரிய நடைவேகம் தானாகவே இறங்கிவிடுகிறது. மெதுவாக நடப்பதைச் சோம்பல் என்று சொல்கிறோம். உடலின் கணக்கில் அது சிக்கனம்.

உடல் எஸ்கலேட்டரை எவ்வளவு ஆழமாகக் கற்று வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு சோதனை, இதை நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள். பழுதாகி நிற்கும் எஸ்கலேட்டரில் கால் வைத்த கணம் ஒரு தடுமாற்றம் வரும். ஓடவில்லை என்று கண்ணுக்குத் தெரியும், மனதுக்குத் தெரியும். காலுக்கு மட்டும் தெரியாது. லண்டனில் ரெனால்ட்ஸ், பிரான்ஸ்டைன் என்ற இரு நரம்பியல் ஆய்வாளர்கள் இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரும் ஒரு மேடையில் ஆட்களைப் பல முறை நடந்து ஏறவைத்தார்கள். பிறகு, 'இனி இது நகராது' என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஏறச் சொன்னார்கள். அப்படியும் அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு, உடலை முன்னுக்குச் சாய்த்துத்தான் ஏறினார்கள். மூளையில் அறிவு இருக்கும் இடமும் நடை இருக்கும் இடமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை போலும். நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறுவது கூடுதலாகக் களைப்பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் ஒவ்வொரு படியும் சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். வீட்டுப் படியைவிட அதிகம். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று வேறுபடும். எஸ்கலேட்டரின் படி நிற்பதற்காகச் செய்தது.

இனி ஹோபர்ன் கணக்கு. வழக்கமான ஒரு வாரத்தில் காலை 8.30 முதல் 9.30 வரையிலான நேரத்தில் அங்கே ஒரு எஸ்கலேட்டர் ஏற்றிவிட்டது மொத்தம் 12,745 பேர். 'நிற்க மட்டும்' என்று அறிவித்த பிறகு அதே எஸ்கலேட்டர், அதே நேரத்தில், ஒரு வாரத்தில் 16,220 பேரை ஏற்றியது. நெரிசல் உச்சத்தில் இருந்த நிமிடங்களை மட்டும் பார்த்தால் நிமிடத்துக்கு 115 பேராக இருந்தது 151 ஆனது. புது இயந்திரம் இல்லை, புது மோட்டார் இல்லை, ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை.

ஒரு கணம் அந்தப் படிகளையே பார்ப்போம். படிக்குப் படி 40 சென்டிமீட்டர், விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகம் என்றால் அடிவாரத்தில் நிமிடத்துக்கு 112 படிகள் முளைத்து வரும். படிக்கு இருவர் என்றால் 225 பேர் போகலாம். நிஜத்தில் அப்படிப் போவதே இல்லை. முன்னால் நிற்பவரின் முதுகுப்பை முகத்தில் இடிக்கும், பெட்டிக்கு ஒரு படி வேண்டும், முன்பின் தெரியாதவரோடு தோள் உரச யாருக்கும் பிடிக்காது, ஏறுமிடத்தில் ஒரு கணத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய எஸ்கலேட்டர் தர விதிகளில் திட்டமிடுவதற்காகக் கொடுத்திருக்கும் எண்களைப் பாருங்கள். ஒரு மீட்டர் அகல எஸ்கலேட்டர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மணிக்கு 6,000 பேர். முக்கால் மீட்டர் வேகத்தில் 8,200 பேர். வேகம் ஒன்றரை மடங்கு கூடியும் ஆள் எண்ணிக்கை அந்த அளவுக்குக் கூடவில்லை. படிகள் வேகமாக வரவர, கால் வைக்கத் தயங்கி நழுவவிடும் படிகளும் கூடுகின்றன. 8,200 என்பது நிமிடத்துக்கு 137 பேர். ஹோபர்னில் நின்று போனவர்கள் 151 பேராகப் போய்ப் பொறியாளர்களின் திட்ட அளவையே தாண்டிவிட்டார்கள்.

151 பேர் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 75 பேர். வழக்கமான நாளில் மொத்தம் 115 பேர். அன்றும் வலப்பக்கம் இதே 75 பேரை ஏற்றியது என்று வைத்துக்கொண்டால், நடப்பவர்களின் இடப்பக்கத்தில் போனது 40 பேர்தான். வேகமான பக்கம் என்று பெயர், வேலை பாதி.

ஏன் இப்படி? ஒரு வழியில் நிமிடத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு நெருக்கமாகப் போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. நிற்பவருக்கு ஒன்றரைப் படி போதும். நடப்பவருக்குக் கால் வீச இடம் வேண்டும், முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்காமல் இருக்க வேண்டும். மூன்று படியாவது பிடிக்கும். வேகத்தில் கிடைத்ததை இடைவெளி தின்றுவிடுகிறது. அப்படியும் இடப்பக்கம் முழுக்க நடப்பவர்களால் நிரம்பியிருந்தால் நிமிடத்துக்கு 60 பேருக்கு மேல் போய்விடுவார்கள் என்று என் கணக்கில் வருகிறது. இழப்பு பெரிதாக இருக்காது. நிரம்புவதில்லை என்பதுதான் விஷயம். 150 வாட் வேலைக்கு மனமுவந்து முன்வருகிறவர்கள் கூட்டத்தில் கொஞ்சம் பேர். உயரம் கூடக்கூட அவர்களும் குறைகிறார்கள். ஏறத்தாழ 18.5 மீட்டருக்கு மேல் போனால் நடந்தேறுபவர்கள் வெகுவாகக் குறைந்துவிடுவார்கள் என்பதால்தான் அந்த உயரத்துக்கு மேற்பட்ட எஸ்கலேட்டர்களில் இருபக்கமும் நிற்பது நல்லது என்று லண்டன் பொறியாளர்கள் கருதினார்கள்.

நேரக் கணக்கிலும் இதே கதைதான். கேப்ஜெமினி நிறுவனத்தின் ஆலோசகர்கள் செய்த கணக்கீடு ஒன்றில், 40 சதவீதம் பேர் நடந்தால், வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்து நடப்பவருக்கு 46 விநாடியும் நிற்பவருக்கு 138 விநாடியும் ஆகின்றன. எல்லாரும் நின்றால் எல்லாருக்கும் 59 விநாடி. நடந்து பழகியவர் இழப்பது 13 விநாடி. நிற்பவர் பெறுவது 79 விநாடி. கூட்டத்தின் சராசரியைப் போட்டுப் பார்த்தால் 101 விநாடியாக இருந்தது 59 ஆகக் குறைகிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை 73இலிருந்து 24 ஆகிறது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் லண்டன் மாறவில்லை. 2016 ஏப்ரலில் அதே ஹோபர்னில் ஆறு மாதம் நீண்ட இரண்டாவது சோதனை நடந்தது. இந்த முறை நிர்வாகம் இறங்கி வந்தது. மேலே போகும் மூன்று எஸ்கலேட்டர்களில் ஒன்றை நடப்பவர்களுக்கும் திறந்து வைத்தார்கள். படிகளில் பாதச் சுவடுகள் ஒட்டினார்கள், கைப்பிடியில் கை அடையாளம் வைத்தார்கள், பேசும் மின்னணு உருவம் ஒன்றையும் நிறுத்திப் பார்த்தார்கள். மீண்டும் கூடுதல் பேர் ஏறினார்கள். மீண்டும் எரிச்சல். சோதனை முடிந்தது, பழைய பழக்கம் தொடர்ந்தது.

பயணிகளை முட்டாள்கள் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. இழப்பும் லாபமும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. நடக்க விடாமல் தடுக்கப்பட்டவருக்குத் தன் 13 விநாடியைத் திருடியது யார் என்று தெரியும். முன்னால் நிற்கும் அந்த முதுகுதான். 79 விநாடி சம்பாதித்தவருக்கோ தான் சம்பாதித்ததே தெரியாது. இன்று வரிசை சிறிதாக இருக்கிறதே, கூட்டம் குறைவு போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். குரல் எழுப்புகிறவர்கள் ஒரு பக்கமாகவே இருப்பார்கள். அதோடு, நேரம் போகும் இடமும் கண்ணை ஏமாற்றுகிறது. தாமதம் நடப்பது அடிவாரத்தில், எஸ்கலேட்டரில் கால் வைப்பதற்கு முன்பு. ஆத்திரம் வருவது எஸ்கலேட்டரில்.

விநாடிகளைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு ரயிலைப் பிடிக்க ஓடவேண்டிய நிலைமை எனக்கு வந்தால், பணம் கொடுக்காமல், அனுமதி கேட்காமல், என் காலை மட்டும் நம்பி முந்திப்போக ஒரு வழி இருக்கிறது என்ற நிம்மதி. 13 விநாடி என்ற சராசரிக்குள் இந்த நிம்மதி அடங்காது. நிற்பதையே சட்டமாக்கவேண்டும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

சட்டமாகவே ஆக்கிப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். ஒசாகாவின் உமேதா ரயில் நிலையத்தில் 1967 வாக்கில், அவசரக்காரர்களுக்கு இடப்பக்கத்தை விடுங்கள் என்று நிர்வாகமே அறிவிப்புச் செய்தது. 1970 உலகக் கண்காட்சிக் கூட்டத்தோடு பழக்கம் ஊன்றிவிட்டது என்கிறார்கள். அதே ஜப்பானில் 2021 அக்டோபர் 1 முதல் சைதாமா மாகாணத்தில், எஸ்கலேட்டரில் நின்றுதான் போகவேண்டும் என்று விதி வந்தது. 2023 அக்டோபரில் நகோயா நகரம் பின்தொடர்ந்தது. மீறினால் அபராதம் கிடையாது. சைதாமாவில் முதலில் நடப்பவர்கள் குறைந்தார்கள், பிறகு மெல்ல மெல்லப் பழைய கால்கள் திரும்பிவிட்டன.

ஜப்பானியர்கள் முன்வைத்த காரணம் வேகமோ கொள்ளளவோ அல்ல, பாதுகாப்பு. அந்நாட்டு மின்தூக்கிச் சங்கத்தின் கணக்குப்படி 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எஸ்கலேட்டர் விபத்துகள் சுமார் 1,550. நடந்ததால் வந்தவை அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் எனக்கு அவர்களுடைய வாதத்தில் மிக வலுவாகப் படுவது விபத்துக் கணக்கு அல்ல. பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரால் வலக் கைப்பிடியைத்தான் பிடிக்க முடியும். டோக்கியோவில் வலப்பக்கம் நடப்பவர்களின் பக்கம். அவர் அங்கே நின்றால் பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டு போவார், திட்டுவார். இடப்பக்கம் போனால் பிடிக்கக் கையில்லை. டோக்கியோவின் இயன்முறை மருத்துவர்கள் இதை எடுத்துச் சொல்லித்தான் பிரச்சாரம் செய்தார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டிய தாய்க்கும் இதே சங்கடம்தான். அவசரக்காரனுக்கு விட்ட மரியாதை இவர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்தது.

சீனா எதிர்த்திசையில் போய்த் திரும்பி வந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி 'வலப்பக்கம் நில், இடப்பக்கம் நட' என்பது நாகரிகத்தின் அடையாளமாகக் கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பல நகர மெட்ரோக்கள் அந்தப் பாடத்தைக் கைவிட்டன. 95 சதவீத எஸ்கலேட்டர்களில் வலப்பக்கம் மோசமாகத் தேய்ந்துபோயிருக்கிறது என்று நான்ஜிங் மெட்ரோ 2017இல் சொன்னது. ஒரு பக்கமே பாரம் ஏறினால் ஒரு பக்கமே தேயும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மனிதர்கள் எப்படி நடக்கவேண்டும் என்பதைச் சங்கிலியின் தேய்மானம் தீர்மானிப்பது எனக்கு ஒப்பவில்லை. தேய்ந்தால் மாற்றத்தானே பராமரிப்பு? கனடாவின் டொரன்டோ 2007இல் ஓசையில்லாமல் 'வலப்பக்கம் நில், இடப்பக்கம் நட' என்ற பலகைகளையே கழற்றிவிட்டது. சிங்கப்பூரில் இடப்பக்கம் நிற்பார்கள். அங்கே மெட்ரோ எஸ்கலேட்டரின் வேகம் விநாடிக்கு முக்கால் மீட்டர். சில நிலையங்களில் கூட்டமில்லாத நேரத்தில் முதியோருக்காக அரை மீட்டராகக் குறைத்து ஓட்டுகிறார்கள். மனிதரை இயந்திரத்துக்குத் தக்கபடி வளைக்காமல், இயந்திரத்தை மனிதருக்குத் தக்கபடி தணித்தது, இங்கே சொன்ன ஏற்பாடுகளிலேயே எனக்குப் பிடித்தது.

ஆக, நிற்பது சரியா நடப்பது சரியா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பதில் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே வரிசை இல்லையென்றால் நடப்பவரால் யாருக்கும் நஷ்டமில்லை. காலியிடம் காலியாகத்தான் இருந்திருக்கும், அவர் 26 விநாடி மிச்சம் பிடித்துக்கொண்டு போகட்டும். எஸ்கலேட்டர் குட்டையானது, பெரும்பாலோர் நடக்கத் தயார் என்றாலும் சிக்கலில்லை. வரிசை கட்டி நிற்கும்போது, அதுவும் உயரமான எஸ்கலேட்டரில், ஒரு பக்கத்தைக் காலியாக விடுவது மரியாதைபோலத் தெரியும் விரயம். அதைச் சட்டம் போட்டு நாள் முழுக்கத் தடுப்பதும் வீண். நெரிசல் நேரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லி அறிவித்தால் போதும். மாஸ்கோ மெட்ரோவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்த முறை எஸ்கலேட்டரின் கீழே கூட்டத்தில் சிக்கிக்கொண்டால் அண்ணாந்து பாருங்கள். மேலே ஒரு பக்கம் காலியாக ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் அதில் ஏறி நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கனைத்தால், வரிசையில் இருக்கும் எல்லாரையும் சேர்த்துத்தான் சீக்கிரம் மேலே கொண்டுபோகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.